ஒரு மண்டலம் பழச்சாறும் ரத்தம் உறைதலைத் தடுக்கும் மாத்திரையும்

ரத்தம் உறைவதைத் தடுக்கும் மாத்திரையை நாள்தோறும் உட்கொள்பவர்கள் எந்தப் பழச்சாற்றைக் குடிக்கலாம், எதைக் குடிக்கக் கூடாது என்ற கேள்வி, காரைக்குடியில் மருந்துக்கடை நடத்தும் என்னிடம் கோடைக்காலம் முழுவதும் வந்துகொண்டே இருக்கும். தேவகோட்டையிலிருந்தும் புதுவயலிலிருந்தும் கானாடுகாத்தானிலிருந்தும் மருத்துவரின் சீட்டோடு வருபவர்கள், மாத்திரையை வாங்கிப் பையில் வைத்துவிட்டுப் புறப்படும் நேரத்தில்தான் பெரும்பாலும் இதைக் கேட்பார்கள். அண்மையில் ஒரு மூதாட்டி, "ஏத்தா, மாதுளை குடிச்சா ரத்தம் ஊறும்ங்கிறாக, இந்த மாத்திரை ரத்தத்தை இளக்கும்ங்கிறாக. ரெண்டையும் சேத்துச் சாப்பிட்டா எது செயிக்கும்?" என்று கேட்டார். அவருடைய கவலை நியாயமானது. நின்றபடி இரண்டு வரியில் அதற்குப் பதில் சொல்லி அனுப்புவது நியாயம் ஆகாது என்பதால், கடையில் சொல்ல முடிந்ததைவிட விரிவாக இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்த வேண்டும். இந்த மாத்திரைகள் ரத்தத்தைத் தண்ணீராக்குவதில்லை. ரத்தத்தின் அடர்த்தியும் சிவப்பணுக்களின் எண்ணிக்கையும் இவற்றால் குறைவதில்லை. உறைகட்டி உருவாகும் வேகம் மட்டுமே குறைகிறது. ஆகவே 'ரத்தம் ஊறுவதும்' 'ரத்தம் இளகுவதும்' ஒன்றையொன்று எதிர்க்கும் செயல்கள் அல்ல. மாதுளை மாத்திரையோடு மோதுகிறதா என்ற கேள்விக்கான விடை, அந்த மாத்திரை எது என்பதைப் பொறுத்தது. ஊரில் 'ரத்தம் இளகுற மாத்திரை' என்ற ஒரே பெயரில் வழங்குபவை உண்மையில் மூன்று வெவ்வேறு குடும்பங்களைச் சேர்ந்தவை. வார்ஃபரினும், நம் பகுதியில் அதைவிட மிகுதியாக எழுதப்படும் அசினோகூமராலும் ஒரு குடும்பம். 'அசிட்ரோம்' என்ற பெயரில் பலர் வாங்கிச் செல்வது இந்த அசினோகூமராலைத்தான். டாபிகாட்ரான், ரிவராக்ஸபான், அபிக்ஸபான் என்று 2010க்குப் பிறகு பரவலானவை இரண்டாம் குடும்பம். ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், டிகாக்ரெலார் ஆகியவை ரத்தத் தட்டுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதைத் தடுப்பவை. மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்துக்கொண்டவர்களிடம் இருப்பவை இவையே. ஒரு பழச்சாறு முதல் குடும்பத்தோடு செய்வதை மூன்றாம் குடும்பத்தோடு செய்ய வேண்டும் என்பதில்லை, நேர்மாறாகவும் செய்யலாம். எந்த மாத்திரை என்று சொல்லாமல் 'ரத்தம் இளகுறவங்க இதைக் குடிக்கக் கூடாது' என்று பரவும் பட்டியல்களை நான் ஏற்காததற்கு இதுவே காரணம்.

உணவோடு மிக நெருக்கமான உறவு உடையது முதல் குடும்பமே. நம் கல்லீரல், ரத்தம் உறையத் தேவையான நான்கு காரணிகளை, அதாவது 2, 7, 9, 10 என்று எண்ணிட்டு அழைக்கப்படுபவற்றை, வைட்டமின் கே-யின் துணையோடு உருவாக்குகிறது. ஒருமுறை பயன்பட்ட வைட்டமின் கே-யை மீண்டும் பயன்படும் நிலைக்குத் திருப்பும் நொதியை வார்ஃபரினும் அசினோகூமராலும் தடுக்கின்றன. ஆகவே மாத்திரையின் பலம் ஒரு பக்கமும், உணவில் வரும் வைட்டமின் கே மறு பக்கமும் நின்று எட்டும் சமநிலையைத்தான் பி.டி. ஐ.என்.ஆர். என்ற ரத்தப் பரிசோதனை காட்டுகிறது. இதயத் துடிப்பு ஒழுங்கற்றுப்போன பெரும்பாலோருக்கு அந்த எண் 2 முதல் 3 வரை இருக்க வேண்டும் என்பார்கள்; மைட்ரல் வால்வை மாற்றி உலோக வால்வு வைத்தவர்களுக்கு 2.5 முதல் 3.5 வரை. இந்தக் குறுகிய எல்லைக்குக் கீழே போனால் வால்வில் உறைகட்டி சேரலாம், பக்கவாதம் வரலாம்; மேலே போனால் ரத்தக்கசிவு. உலோக வால்வு வைத்தவர்களுக்கு இரண்டாம் குடும்பத்துப் புதிய மாத்திரைகள் பொருந்துவதில்லை. உலோக வால்வு உடையவர்களுக்கு டாபிகாட்ரான் கொடுத்துப் பார்த்த ஆய்வு, உறைகட்டியும் ரத்தக்கசிவும் அதிகரித்ததால் பாதியில் நிறுத்தப்பட்டு, 2013இல் அதன் முடிவு வெளியானது. வாதக் காய்ச்சலால் வால்வு சுருங்கியவர்களிடமும் பழைய மாத்திரையே மேல் என்று 2022இல் வெளியான பெரிய ஆய்வு காட்டியது. எனவே சிறு வயதில் வாதக் காய்ச்சல் கண்டு, பின்னர் வால்வு மாற்றிக்கொண்ட நம் ஊர்ப் பெண்கள் பலருக்கு அசிட்ரோம் வாழ்நாள் துணை; அவர்கள் உணவைப் பற்றி அக்கறை கொள்ளத்தான் வேண்டும்.

"பழச்சாறு இயற்கை, மாத்திரைதானே ரசாயனம், இயற்கை என்ன கெடுதல் செய்யும்?" என்று படித்தவர்களும் கேட்கிறார்கள். இந்த மாத்திரையின் மூலமே ஒரு தீவனப் பயிர். 1920களில் வட அமெரிக்காவில், ஸ்வீட் க்ளோவர் என்ற பயிரின் பூஞ்சை பிடித்த வைக்கோலைத் தின்ற மாடுகள் சிறு காயத்துக்கும் ரத்தம் நிற்காமல் மடிந்தன. 1933இல் ஒரு விவசாயி, இறந்த கிடாரியோடும் உறையாத ரத்தம் நிறைந்த பாத்திரத்தோடும் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் கார்ல் பால் லிங்க் என்ற வேதியியலாளரிடம் வந்து சேர்ந்தார். அவருடைய ஆய்வுக்கூடம் சில ஆண்டுகள் உழைத்து, அந்தப் பயிரில் இயற்கையாக உள்ள கூமரினைப் பூஞ்சை டைகூமராலாக மாற்றிவிடுவதைக் கண்டறிந்தது. அதன் வழியில் பிறந்த வார்ஃபரின் முதலில் எலி மருந்தாக விற்கப்பட்டு, 1954இல் மனிதருக்கான மருந்தாக ஒப்புதல் பெற்றது. செடியில் பிறந்த ஒரு பொருள் ரத்தம் உறைவதை இந்த அளவுக்கு மாற்ற முடியுமானால், வேறொரு செடியின் சாறு அதன்மீது கை வைக்க முடியும் என்பதில் வியப்பில்லை.

நம் பகுதியில் முதலில் கவனிக்க வேண்டியவை பழச்சாறுகள் அல்ல, பச்சைச் சாறுகள். காலை நடைப்பயிற்சிக்குப் போகும் இடங்களில் எவர்சில்வர் பாத்திரங்களை வரிசையாக வைத்துக்கொண்டு அருகம்புல் சாறு, கொத்தமல்லிச் சாறு, வாழைத்தண்டுச் சாறு, நெல்லிக்காய்ச் சாறு, பாகற்காய்ச் சாறு என்று விற்பவர்கள் இப்போது எல்லா ஊர்களிலும் இருக்கிறார்கள். வைட்டமின் கே இலையின் பச்சையம் உள்ள பகுதியில் இருப்பது. ஆகவே தழை எவ்வளவு பச்சையோ அந்த அளவுக்கு அது மிகும். 100 கிராம் கொத்தமல்லித் தழையில் ஏறத்தாழ 300 மைக்ரோகிராம் இருக்கிறது. வளர்ந்த ஆண் ஒருவருக்கு ஒரு நாளைக்குப் போதுமானது என்று அமெரிக்கப் பரிந்துரை கூறுவது 120 மைக்ரோகிராம். தண்டுக்கீரை இனத்து இலைகளில் இது இன்னும் பல மடங்கு. வெறும் வயிற்றில், எண்ணெய் சேராமல் குடிக்கும் சாற்றிலிருந்து உடல் இதை முழுமையாக உறிஞ்சுவதில்லை என்பது உண்மைதான். இருந்தாலும் நாள்தோறும் ஒரு குவளை அருகம்புல்லோ கொத்தமல்லியோ குடிப்பவரின் ஐ.என்.ஆர். கீழே இறங்க வாய்ப்பு உண்டு. வெளிறிய வாழைத்தண்டில் இந்தச் சிக்கல் கிடையாது. ஆரஞ்சு, தர்பூசணி, வாழை, கொய்யா, மாம்பழம் போன்ற பழங்களில் வைட்டமின் கே மிகக் குறைவு. பழச்சாற்றுக் கடைகளில் பட்டர் ஃப்ரூட் என்று கேட்டு வாங்கும் வெண்ணெய்ப்பழம் பழங்களில் ஒரு விதிவிலக்கு. அதை உண்ட இரு பெண்களிடம் வார்ஃபரினின் பலம் குறைந்ததாக 1991இலேயே மருத்துவ இதழில் பதிவாகியிருக்கிறது.

இதைப் படித்துவிட்டுக் கீரையையே ஒதுக்கிவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். கீரை மசியலும் கீரை மண்டியும் கொத்தமல்லித் துவையலும் செட்டிநாட்டுச் சாப்பாட்டில் என்றும் இருப்பவை. அவற்றை எப்போதும்போல் உண்டுவரும் நிலையில்தான் மருத்துவர் மாத்திரையின் அளவை நிர்ணயித்திருக்கிறார். பயந்துபோய் ஒரே நாளில் நிறுத்தினால், அதே அளவு மாத்திரை திடீரென்று அதிகமாகிவிடும். உணவில் வைட்டமின் கே மிகக் குறைவாக உள்ளவர்களுக்குத்தான் ஐ.என்.ஆர். அதிகமாக ஏறி இறங்குகிறது என்பதையும் ஆய்வுகள் சொல்கின்றன. உணவு வாரத்துக்கு வாரம் ஏறத்தாழ ஒரே போக்கில் இருப்பதுதான் இந்த மாத்திரைக்கு வேண்டியது.

என் முதன்மையான அச்சத்துக்கு இப்போது வருகிறேன். நம்மவர்கள் சாற்றை வெறும் பானமாகக் குடிப்பதில்லை. மருந்தாக, ஒரு மண்டலம் குடிக்கிறார்கள். 48 நாள் நெல்லிச்சாறு, 48 நாள் அருகம்புல், 48 நாள் மாதுளை என்று தொடங்கி, கடைப்பிடித்து, நாள் கணக்கு முடிந்ததும் நிறுத்திவிடுவார்கள். உடலுக்கு நல்லது செய்துகொள்ள வேண்டும் என்ற அந்த ஒழுக்கத்தை நான் மதிக்கிறேன். ஆனால் வார்ஃபரின் குடும்பத்து மாத்திரையை உண்பவருக்கு அந்த 48 நாளின் தொடக்கமும் முடிவும் இரண்டு தனித்தனி ஆபத்துகள். தொடங்கும்போது ஐ.என்.ஆர். ஒரு பக்கம் சாயலாம். இடையில் செய்த பரிசோதனையைப் பார்த்து மருத்துவர் மாத்திரையைக் கூட்டியோ குறைத்தோ சரிசெய்திருப்பார். அந்தச் சாற்றைப் பற்றி அவரிடம் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். மண்டலம் முடிந்து சாறு நின்றதும், சாற்றுக்கு ஏற்பச் சரிசெய்த அளவு தவறான அளவாகிவிடுகிறது. அடுத்த பரிசோதனை ஒரு மாதம் கழித்து என்றால், அந்த இடைவெளி முழுவதும் நோயாளி பாதுகாப்பற்று நடமாடுகிறார். தொடங்கும் நாளைப் பற்றிச் சிலராவது கேட்கிறார்கள். முடிக்கும் நாளைப் பற்றி என்னிடம் கேட்டவர்கள் மிக அரிது.

மாதுளையில் இதற்கு ஒரு சான்றும் இருக்கிறது. வார்ஃபரின் உண்டுவந்த நோயாளி ஒருவர் வாரத்தில் இரண்டு மூன்று முறை மாதுளைச் சாறு குடித்துக்கொண்டிருந்த வரை ஐ.என்.ஆர். சரியாக இருந்து, சாற்றை நிறுத்திய பிறகு தேவையான அளவுக்குக் கீழே இறங்கியதாக 2009இல் ஒரு மருத்துவக் குறிப்பு வெளியானது. வார்ஃபரினை உடைக்கும் முதன்மையான கல்லீரல் நொதியான சிஒய்பி2சி9-ஐ மாதுளைச் சாறு தடுப்பதாக ஆய்வகச் சோதனைகள் காட்டியிருந்ததால் இந்த விளக்கம் பொருத்தமாகவே தோன்றியது. ஆனால் அதே நொதியால் உடைபடும் வேறொரு மருந்தை மனிதருக்கே கொடுத்து மாதுளைச் சாற்றோடு சோதித்தபோது, மருந்தின் அளவில் மாற்றம் ஏற்படவில்லை என்று 2012இல் வெளியான ஆய்வு கூறியது. சோதனைக் குழாயில் நடப்பதெல்லாம் உடலில் நடப்பதில்லை. ஆகவே மாதுளை உண்ணாதே என்று நான் யாரிடமும் சொல்வதில்லை. ஒரு பழத்தையோ அரைக் குவளைச் சாற்றையோ அவ்வப்போது உண்பதில் கவலைப்பட ஏதும் இல்லை. நாள்தோறும் பெரிய குவளையில் தொடங்கப்போகிறீர்கள் என்றால், தொடங்கி ஒரு வாரத்துக்குள்ளும் நிறுத்தி ஒரு வாரத்துக்குள்ளும் ஐ.என்.ஆர். பார்த்துக்கொள்ள வேண்டும். அந்த மூதாட்டிக்கும் இதையே சொன்னேன்.

மாம்பழம் பற்றி அறிந்தவர்கள் குறைவு என்பதால் அதைத் தனியாகச் சொல்ல வேண்டும். வார்ஃபரின் உண்டுவந்த 13 நோயாளிகள் மாம்பழப் பருவத்தில் நாள்தோறும் ஒன்று முதல் ஆறு பழங்கள் வரை உண்டதில், அவர்களுடைய ஐ.என்.ஆர். சராசரியாக 38 விழுக்காடு உயர்ந்ததாக 2002இல் ஒரு குறிப்பு வெளியாயிற்று. மாம்பழத்தை நிறுத்தியதும் அது இறங்கியது. அவர்களில் யாருக்கும் ரத்தக்கசிவு ஏற்படவில்லை. மாம்பழத்தில் மிகுந்துள்ள வைட்டமின் ஏ சார்ந்த சத்து இதற்குக் காரணமாக இருக்கலாம் என்று அந்த ஆய்வாளர்கள் கருதினார்கள். சித்திரை, வைகாசியில் வீட்டுக்கு வீடு கூடை கூடையாக மாம்பழம் இறங்கும் நம் ஊரில், விடுமுறைக்குப் பேரப்பிள்ளைகள் வந்து மூன்று வேளையும் மாம்பழச் சாறு ஓடும் வீட்டில், அசிட்ரோம் உண்ணும் ஒரு பெரியவர் இருந்தால், அந்தப் பருவத்தில் ஒரு பரிசோதனையைக் கூடுதலாகச் செய்துகொள்வது வீண் செலவு ஆகாது.

சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் இருந்து வரும் பிள்ளைகள், சிறுநீர்த் தொற்றால் அவதிப்படும் தாயாருக்குக் கிரான்பெர்ரிச் சாற்றை அன்போடு வாங்கி வருகிறார்கள். இந்தச் சாறுதான் உலகம் முழுவதும் வார்ஃபரினின் பகை என்று பெயர் வாங்கியது. 2003இல் பிரிட்டனின் மருந்துப் பாதுகாப்புக் குழு இதைப் பற்றி எச்சரிக்கை விடுத்தது. அதற்குப் பின்னணியில் இருந்த ஒரு மரணத்தை நினைக்கும்போதெல்லாம் என் மனம் கனக்கிறது. எழுபது வயதைக் கடந்த ஒருவர் நெஞ்சுத் தொற்றுக்கு நோயுயிர் எதிர்ப்பு மருந்து உண்டு, பசியற்றுப்போய், இரண்டு வாரம் ஏறத்தாழ எதுவும் உண்ணாமல் கிரான்பெர்ரிச் சாற்றை மட்டும் குடித்து, வழக்கமான மாத்திரைகளை விடாமல் உட்கொண்டிருக்கிறார். சாறு குடிக்கத் தொடங்கி ஆறு வாரம் ஆனபோது மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட அவருடைய ஐ.என்.ஆர். 50க்கு மேல் இருந்தது. குடலிலும் இதய உறையிலும் ரத்தம் கசிந்து இறந்துபோனார். பிறகு 30 நோயாளிகளுக்கு இரண்டு வாரம் நாள்தோறும் 240 மில்லி கிரான்பெர்ரிச் சாறு கொடுத்து, மற்றொரு போலிச் சாற்றோடு ஒப்பிட்டு நடத்திய ஆய்வில், வார்ஃபரினின் செயலில் பொருட்படுத்தத் தக்க மாற்றம் காணப்படவில்லை. இந்த இரண்டையும் சேர்த்துப் படிக்கும்போது, அந்த முதியவரின் மரணத்தில் சாற்றைவிடப் பட்டினிக்கும் தொற்றுக்கும் நோயுயிர் எதிர்ப்பு மருந்துக்கும் பங்கு அதிகம் என்றே எனக்குத் தோன்றுகிறது. மாத்திரை உண்பவர் உணவைக் கைவிட்டுச் சாற்றில் மட்டும் நாள் கடத்துகிறார் என்றால், சாறு எதுவாக இருந்தாலும் அன்றே மருத்துவருக்குச் சொல்ல வேண்டும்.

ஐப்பசியில் கந்த சஷ்டி விரதம் இருப்பவர்களையும் இங்கேதான் நினைவுகூர வேண்டியிருக்கிறது. ஆறு நாளும் பாலும் பழமும் மட்டும் உண்டு, குன்றக்குடி மலை ஏறுபவர்கள் நம்மிடையே உண்டு. கீரையும் காய்கறியும் எண்ணெய் சேர்ந்த உணவும் ஒரு வாரம் நின்றுபோனால் உடலுக்கு வரும் வைட்டமின் கே குறைந்து, மாத்திரையின் பலம் ஓங்கிவிடும். முருகனை நினைத்து மேற்கொள்ளும் விரதத்தை விடச் சொல்லும் உரிமை எனக்கு இல்லை. ஆனால் விரதத்துக்கு முந்தைய வாரமே மருத்துவரிடம் சொல்லி, ஒருவேளை உணவோடு விரதம் இருக்கலாமா என்று கேட்கும் கடமை வால்வு மாற்றியவருக்கும் அவர் வீட்டாருக்கும் உண்டு. தைப்பூசத்துக்குக் காவடியோடு பழனிக்குப் பாதயாத்திரை போகும்போது வழியெல்லாம் அன்போடு தரப்படும் பானகமும் நீர்மோரும் எலுமிச்சைச் சாறும் மாத்திரையோடு மோதுபவை அல்ல. அங்கே கவனிக்க வேண்டியது, மாத்திரையை நேரம் தவறாமல் உட்கொள்வதும், காலில் ஏற்படும் கொப்புளங்களையும் காயங்களையும் பார்த்துக்கொள்வதும், வலிக்கு யாரோ தரும் டைக்ளோஃபினாக் மாத்திரையை வாங்கிப் போட்டுக்கொள்ளாமல் இருப்பதுமே.

மருந்துகளோடு மோதுவதில் எல்லாச் சாறுகளுக்கும் முதலிடத்தில் இருப்பது கிரேப்ஃப்ரூட். அது திராட்சை அன்று. பம்பளிமாசும் இனிப்பு ஆரஞ்சும் கலந்து, கரீபியத் தீவான பார்படோஸில் தோன்றிய பழம். 1989இல் கனடாவைச் சேர்ந்த டேவிட் பெய்லி என்ற ஆய்வாளரின் குழு, ரத்த அழுத்த மாத்திரையான ஃபெலோடிபினோடு மதுவைச் சேர்த்து ஆராய்ந்தபோது, மதுவின் சுவையை மறைப்பதற்காகக் கிரேப்ஃப்ரூட் சாற்றில் கலந்து கொடுத்தது. ரத்தத்தில் மருந்தின் அளவு எதிர்பாராத அளவுக்கு உயர்ந்ததைக் கண்டு காரணத்தைத் தேடியது. செட்டிநாட்டு வீட்டில் வந்தவரை முகப்பிலேயே அமர்த்திப் பேசி, எல்லாரையும் வளவுக்குள் விட்டுவிடாதது போல, நம் குடலின் சுவரில் உள்ள சிஒய்பி3ஏ4 என்ற நொதி சில மருந்துகளின் ஒரு பகுதியை உள்ளே போகுமுன்பே உடைத்துவிடுகிறது. கிரேப்ஃப்ரூட்டில் உள்ள ஃப்யூரனோகூமரின்கள் என்ற வேதிப்பொருட்கள் அந்த நொதியை நிலையாகச் செயலிழக்கச் செய்கின்றன. குடல் புதிய நொதியை உருவாக்க ஒன்று முதல் மூன்று நாட்கள் ஆகும். அதனால்தான் காலையில் சாறும் மாலையில் மாத்திரையும் என்று பிரித்துக்கொள்வதில் பயன் இல்லை.

வார்ஃபரினைப் பொறுத்தவரை, அதில் கலந்துள்ள இரு வடிவங்களில் வலிமை மிக்க பாதியை உடைப்பது வேறொரு நொதி என்பதால், கிரேப்ஃப்ரூட்டின் தாக்கம் பெரிதாக இருப்பதில்லை. ஆனால் ஸ்டென்ட் வைத்தவர்கள் கவனமாகக் கேட்க வேண்டும். டிகாக்ரெலாரோடு கிரேப்ஃப்ரூட் சாற்றைத் தொடர்ந்து குடித்தபோது ரத்தத்தில் அந்த மருந்தின் அளவு இரண்டு மடங்குக்கு மேல் கூடியது. குளோபிடோக்ரெலோடு குடித்தபோது, உடலுக்குள் சென்றபின் உருவாக வேண்டிய அதன் செயல்படும் வடிவம் பெருமளவு குறைந்து, மருந்து வலுவிழந்தது. இரண்டையும் ஃபின்லாந்து ஆய்வாளர்கள் 2013இலும் 2014இலும் வெளியிட்டார்கள். ஒரே சாறு ஒரு மாத்திரையைக் கூட்டியும் மற்றொன்றைக் குறைத்தும் வைக்கிறது! ரிவராக்ஸபானும் அபிக்ஸபானும் ஓரளவு இதே நொதியின் வழியே உடைபடுகின்றன என்பதால், அவற்றை உண்பவர்களும் இந்தச் சாற்றை நாள் வழக்கமாக்கிக்கொள்ளாமல் இருப்பது நல்லது. கிரேப்ஃப்ரூட் நம் சந்தையில் அரிது. ஆனால் அதன் தாய்ப்பழமான பம்பளிமாசில் அதே வேதிப்பொருட்கள் இருக்கின்றன. சிறுநீரகம் மாற்றிக்கொண்ட ஒருவர் பம்பளிமாஸ் உண்ட பிறகு, மாற்று உறுப்பை உடல் நிராகரிக்காமல் இருக்கத் தரப்படும் டாக்ரோலிமஸ் மருந்தின் அளவு அவர் ரத்தத்தில் உயர்ந்ததாக 2003இல் பதிவாகியிருக்கிறது. நோயாளியைப் பார்க்கப் போகிறவர்கள் பை நிறைய வாங்கிச் செல்லும் சாத்துக்குடி இனிப்பு ஆரஞ்சு வகையைச் சேர்ந்தது. அதற்கு இந்தக் குணம் இல்லை. தாராளமாகப் பிழிந்து கொடுக்கலாம், சர்க்கரை நோய் இல்லாதவருக்கு.

வாட்ஸ்அப்பில் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கும் ஒரு கலவையைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. இஞ்சிச் சாறு, பூண்டுச் சாறு, எலுமிச்சைச் சாறு, ஆப்பிள் சைடர் வினிகர் ஆகியவற்றைக் காய்ச்சித் தேன் கலந்து நாளும் குடித்தால் இதய அடைப்பு கரைந்துவிடும் என்கிறது அந்தச் செய்தி. அடைப்பு கரைவதற்குச் சான்று எதுவும் கிடையாது. பூண்டு ரத்தத் தட்டுக்கள் ஒட்டுவதைக் குறைக்கும் என்பதற்குச் சான்று உண்டு. குழம்பில் உரித்துப் போடும் பத்துப் பல் பூண்டுக்கும், பச்சையாகப் பிழிந்து நாள்தோறும் குடிக்கும் சாற்றுக்கும் வேறுபாடு பெரிது. ஆஸ்பிரினும் குளோபிடோக்ரெலும் சேர்த்து உண்பவர் இதையும் சேர்த்துக்கொண்டால் ரத்தக்கசிவுக்கான வாய்ப்பு கூடும். இந்தக் கலவையை நம்பி மாத்திரையையே நிறுத்தியவர்களைப் பற்றிக் கேள்விப்படும்போது ஏற்படும் வேதனை அதைவிடப் பெரிது. அதிக விலைக்கு விற்கப்படும் நோனிச் சாற்றைக் குடித்தவரிடம் வார்ஃபரின் வேலை செய்யாமல் போனதாக 2004இல் ஒரு குறிப்பு வந்தது என்பதையும் வாங்கும்முன் தெரிந்துகொள்ளுங்கள்.

சாறு தானாகச் செய்யாத கெடுதலை, அது கொண்டுவரும் வயிற்றுப்போக்கு செய்துவிடுவதும் உண்டு. வெயிலில் தூய்மையற்ற பனிக்கட்டி போட்ட சாற்றைக் குடித்து வயிறு கெட்டதும், கடைக்கு வந்து மெட்ரோனிடஸோல் மாத்திரையைப் பெயர் சொல்லிக் கேட்பவர்கள் இருக்கிறார்கள். வார்ஃபரினின் வலிமை மிக்க பாதி உடைபடுவதை அது தடுப்பதால், சில நாட்களிலேயே ஐ.என்.ஆர். ஆபத்தான உயரத்துக்குப் போகலாம்; வயிற்றுப்போக்கால் உணவு குறைவதும் அதோடு சேர்ந்துகொள்ளும். இதுவரை சொன்ன எந்தப் பழத்தையும்விட இந்த ஒரு மாத்திரைக்கே நான் அதிகம் அஞ்சுகிறேன். மருந்துக்கடையில் எதைக் கேட்டாலும், "நான் அசிட்ரோம் சாப்பிடுகிறேன்" என்பதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். கடைக்காரர் கேட்கவில்லை என்றாலும் சொல்லுங்கள்.

ஐ.என்.ஆர். எண்களை எழுதிவைக்கும் அதே நோட்டில், புதிதாகத் தொடங்கிய சாறு, அதன் அளவு, தொடங்கிய தேதி, நிறுத்திய தேதி ஆகியவற்றையும் எழுதச் சொல்லி என் கடைக்கு வருபவர்களிடம் கேட்டுக்கொள்கிறேன். எழுதியவர்களின் நோட்டைப் பார்த்து மருத்துவர்களும் எளிதாக முடிவெடுக்கிறார்கள். வார்ஃபரின் ரத்தத்தில் பாதியாகக் குறைய ஏறத்தாழ 40 மணி நேரமும் அசினோகூமரால் பாதியாகக் குறைய 8 முதல் 11 மணி நேரமும் ஆகும்; எனவே அசிட்ரோம் உண்பவர்களிடம் மாற்றங்கள் சற்று விரைவாகவே தெரியும். ஒரு வேளை மாத்திரை தவறிவிட்டால், மறுநாள் இரட்டிப்பாகப் போட்டு ஈடுகட்டக் கூடாது.

பல் துலக்கும்போது ஈறிலிருந்து நிற்காத ரத்தம், காரணம் இல்லாமல் தோலில் தோன்றும் கருநீலத் தடிப்புகள், கோலா நிறத்தில் சிறுநீர், தார் போன்ற கருமலம், இதற்குமுன் வராத கடுமையான தலைவலி, தலையில் அடிபடும்படி விழுதல் ஆகிய எது நேர்ந்தாலும் மருத்துவமனைக்கு உடனே போக வேண்டும். முந்தைய நாள் பீட்ரூட் சாறு குடித்திருந்தால் சிறுநீரும் மலமும் சிவக்கும். இரும்புச்சத்து மாத்திரையால் மலம் கறுக்கும். அவை ரத்தமல்ல என்றாலும், அப்படித்தான் என்று வீட்டில் இருந்தபடி முடிவுசெய்ய வேண்டாம். குடித்ததை மருத்துவரிடம் சொல்லி, அவர் முடிவுசெய்யட்டும். கீரையில் வைட்டமின் கே இருக்கிறதே என்று, கசிவு கண்டவருக்கு முருங்கைச் சாறு பிழிந்து கொடுத்துப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று காத்திருக்கவும் கூடாது. அந்த நிலையில் தேவைப்படுவது மருத்துவமனையில் அளவிட்டுச் செலுத்தும் வைட்டமின் கே ஊசியும், தேவைப்பட்டால் உறைதல் காரணிகளோ பிளாஸ்மாவோதான். போகும்போது மாத்திரை அட்டையையும் அந்த நோட்டையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.